சுய உதவி என்ற சொல் எங்கிருந்து வந்தது?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று செயலாளர் அக்கா கேட்டபோது, நம்ம கூட்டமைப்பு வரலாற்றை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்த வருஷம் ஆரம்பித்தோம், எத்தனை குழு சேர்ந்தது, எவ்வளவு கடன் வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் வந்துவிடுகிறது. அதையே நானும் எழுதினால் ஒரே சாப்பாட்டை இரண்டு இலையில் பரிமாறின மாதிரி ஆகும். எனக்கு ரொம்ப நாளாக வேறு ஒரு கேள்வி இருந்தது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

நம்ம போர்டிலும், தீர்மான நோட்டிலும், ரப்பர் ஸ்டாம்பிலும் "மகளிர் சுய உதவிக் குழு" என்று இருக்கிறது. சுயம் என்றால் தான். தனக்குத் தானே உதவி செய்துகொள்வது சுய உதவி. அப்படியானால் குழு எதற்கு? குழு என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த பிறகு அது எப்படி சுயம் ஆகும்? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் மாதக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் தவணை கட்டாமல் நிற்கிறபோது இந்தச் சிரிப்பு வராது. "அவளுக்கு முயற்சி இல்லை, நாங்க எல்லாம் கட்டலையா?" என்று ஒரு குரல் வரும். இன்னொரு குரல், "குழுன்னு எதுக்கு இருக்கோம்?" என்று கேட்கும். அந்த ஒரு பெயருக்குள்ளேயே இந்த இரண்டு குரலும் இருக்கிறது. அதனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா வழி காட்டினார். கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள் ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துப் பொருள் சொன்னாள். பத்தாவது வரை படித்த எனக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி ஆண்ட காலம். 1859-ஆம் வருஷம் "செல்ஃப் ஹெல்ப்" என்று ஒரு புத்தகம் வந்தது. தமிழில் சொன்னால் சுய உதவி. எழுதியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், 1812-ல் பிறந்தவர், டாக்டருக்குப் படித்துவிட்டுப் பத்திரிகை நடத்தினார். முதலில் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அச்சாகி வந்த முதல் வருஷமே இருபதாயிரம் பிரதி விற்றது. ஜப்பான் வரை மொழிபெயர்த்துப் போனது. அவர் 1904-ல் சாகும்போது இரண்டரை லட்சம் பிரதி விற்றிருந்தது என்கிறார்கள்.

புத்தகம் முழுக்கக் கீழே இருந்து மேலே வந்தவர்களின் கதை. ரயில் எஞ்சினுக்குப் பேர்போன ஜார்ஜ் ஸ்டீபன்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த கூலிக்காரரின் மகன். பதினெட்டு வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பகலில் வேலை, ராத்திரியில் காசு கொடுத்துப் பள்ளிக்கூடம். நூற்பு மெஷினில் பெரிய முதலாளி ஆன ஆர்க்ரைட் முதலில் முடி வெட்டியவர். இப்படி ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டே போகிறார். பிறப்பால் யாரும் பெரிய ஆள் இல்லை, பாடுபடு, சேமி, படி, மேலே வரலாம் என்பதுதான் செய்தி. வெளியே இருந்து வருகிற உதவி மனுஷனைத் தளர வைக்கும், உள்ளே இருந்து வருகிற முயற்சிதான் பலப்படுத்தும் என்பது அவர் எண்ணம். பிரபு வீட்டில் பிறந்தவன்தான் பெரியவன் என்றிருந்த நாட்டில் இதைக் கேட்ட ஏழை இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த நல்லதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது அந்தப் புத்தகம் உண்டான கதை. அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். லீட்ஸ் என்று ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே ரொம்பச் சாதாரணமான இரண்டு மூன்று வாலிபர்கள், குளிர்காலத்துச் சாயங்காலங்களில் ஒன்றாக உட்கார்ந்து தெரிந்ததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துக்கொள்வோம் என்று கூடினார்கள். முதலில் ஒருவர் குடிசையில் ஒரு சின்ன அறை. ஆள் கூடினதும் இடம் போதவில்லை, வெயில் காலம் வந்ததும் தோட்டத்தில் உட்கார்ந்தார்கள். மறுபடி குளிர் வந்தபோது, காலரா வந்த சமயம் ஆஸ்பத்திரியாக வைத்திருந்த ஒரு பழைய அழுக்குக் கட்டடம் காலியாகக் கிடந்தது. பயந்துகொண்டு யாரும் அதை வாடகைக்கு எடுக்கவில்லை. இவர்கள் எடுத்தார்கள். நூறு பேர் வரை சேர்ந்தார்கள். கொஞ்சம் தெரிந்தவன் ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவர்கள் கூப்பிட்டதால் 1845-ல் ஸ்மைல்ஸ் போய்ப் பேசினார். அந்தப் பேச்சுத்தான் வளர்ந்து புத்தகம் ஆனது.

அக்கா தங்கைகளே, இதை வாசித்ததும் எனக்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. தனி மனுஷன் முயற்சியைப் புகழ்ந்து எழுதின புத்தகமே ஒரு குழுவில் பிறந்திருக்கிறது. இடம் இல்லாமல் திண்டாடியது வரை நம்ம கதைதான். நம்ம குழுவும் திண்ணை, கோயில் வாசல், அங்கன்வாடி என்று மாறி மாறித்தானே உட்கார்ந்தது!

இன்னொன்றும் சொல்லணும். ஸ்மைல்ஸ் கல்லூரியில் படிக்கும்போதே, 1832-ல், அவர் அப்பா காலராவில் இறந்துவிட்டார். வீட்டில் பதினோரு பிள்ளைகள். அவருடைய அம்மாதான் சின்னக் கடை ஒன்றை நடத்தி எல்லாரையும் காப்பாற்றினார், இவர் படிப்பையும் நிறுத்தவிடவில்லை. அந்த அம்மா கடையைத் திறக்கவில்லை என்றால் டாக்டரும் இல்லை, புத்தகமும் இல்லை. ஆனால் அவர் புத்தகத்தில் வரிசையாக நிற்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். நம்ம ஊர் மொய் நோட்டு ஞாபகம் வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெண்கள் வராததற்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் புத்தகம் வந்த வருஷம் இங்கிலாந்தில் கல்யாணம் ஆன பெண் சம்பாதித்த கூலி சட்டப்படி அவள் புருஷனுக்குத்தான் சொந்தம். தன் கூலி தனக்கு என்று சட்டம் வந்தது 1870-ல். சொத்து முழுவதற்கும் உரிமை வந்தது 1882-ல். கையில் வருகிற காசே தன்னுடையது இல்லை என்றால் எந்தச் சுய உதவியைச் செய்வது? நம்ம கையில் நம்ம பேரில் பாஸ்புக் இருக்கிறது. பீரோவில் சும்மா வைத்திருக்கிறோம். அதன் அருமை இப்படிப் பழைய கதையைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

இனி அந்தச் சொல்லின் இன்னொரு முகம். முயன்றவன் மேலே வருவான் என்பது நல்ல வார்த்தை. அதையே திருப்பிப் போட்டால், மேலே வராதவன் முயலவில்லை என்று ஆகிவிடும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அப்படித்தான் ஆனது. 1834-ல் வந்த சட்டப்படி உதவி கேட்டு வரும் ஏழைகளை வேலை விடுதியில் அடைத்தார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வேண்டுமென்றே உள்ளே கஷ்டமாக வைத்தார்கள். சுலபமாக இருந்தால் சோம்பேறிகள் வந்து சேர்ந்துவிடுவார்களாம்.

அதே எண்ணம் கப்பல் ஏறி இங்கேயும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம அப்பத்தா காலத்தில் சொல்வார்களே, அது 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணம் முழுக்க மழை இல்லை. சனங்கள் செத்து விழுந்துகொண்டிருந்த 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி என்று டெல்லியில் தர்பார் நடத்தினார்கள். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பஞ்ச வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டின ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூட ஒரு அணா. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதிகம் கொடுத்தால் செலவும் ஏறும், சனங்களும் அரசாங்கத்தையே நம்பி உட்கார்ந்துவிடுவார்கள் என்பது கணக்கு. வேலைக்கு வந்தவர்களே மெலிந்து செத்தார்கள். லட்சக்கணக்கான உயிர் போனது. எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். மழை பெய்யாததற்கு மண் வெட்டுகிறவன் என்ன முயற்சி செய்ய முடியும்?

ஸ்மைல்ஸ் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். தன் புத்தகத்துக்கு வைத்த பெயரே சிலரைத் தப்பாக நினைக்க வைத்துவிட்டது, இது சுயநலத்தைப் புகழும் புத்தகம் இல்லை, தனக்கு உதவிக்கொள்வதில் பக்கத்து வீட்டாருக்கு உதவுவதும் அடங்கும் என்று 1866-ல் வந்த பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதினார். ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது.

அதே இங்கிலாந்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகளும் மற்ற தொழிலாளிகளும் இருபத்தெட்டுப் பேர். கடையில் கலப்பட மாவு, எடைக்குறைவு, கடன் நோட்டு. சின்னச் சந்தாவாக வாரா வாரம் சேர்த்து 1844 டிசம்பர் 21-ல் சொந்தமாக ஒரு கடை திறந்தார்கள். முதல் நாள் அந்தக் கடையில் இருந்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். உலகம் முழுக்க இருக்கிற கூட்டுறவு சங்கத்துக்கெல்லாம் அந்தக் கடையைத்தான் முன்னோடி என்கிறார்கள். நாம் ரேஷன் வாங்குகிற கூட்டுறவுக் கடைக்கும் அது ஒரு விதத்தில் பாட்டி முறை.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தன் முயற்சியால் மேலே வந்தவர் என்றால் புதுக்கோட்டையில் முதலில் சொல்ல வேண்டியது டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. கர்ப்பிணிகளுக்கு வருகிற மகப்பேறு உதவிப் பணம் அந்த அம்மா பேரில்தான் வருகிறது. பணத்தை வாங்கின எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்? 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று சொல்லத் தேவையில்லை. பெண் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேசன் பாஸ் செய்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டபோது, ஒரு பொம்பளைப் பிள்ளை சேர்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்ந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் போன முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், அந்தச் சட்டம் 1947-ல் வந்தது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் அவர் முயற்சியால் வந்தது.

அந்தப் படிப்பும் பிடிவாதமும் அவருடையதுதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் கல்லூரிக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வெளியே நின்று எவ்வளவு தட்டினாலும் உள்ளே இருந்து ஒருவர் திறந்தால்தான் ஆகும். அப்பா படித்தவராக இருந்து மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், மன்னர் உத்தரவு போட்டார். அதே வருஷம் அதே ஊரில் அதே அறிவோடு கதவைத் தட்ட வழி இல்லாமல் எத்தனை பெண்கள் அடுப்படியில் இருந்திருப்பார்கள்? அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்தது சைக்கிள். இது நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கதை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்கலாம் என்று முடிவு எடுத்தார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. சம்பந்தம் என்ன என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாங்க.

அம்மா ஊர் ஆலங்குடிப் பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பொட்டலில் பழகுவார்களாம், இருட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள். ஒருத்தர் ஓட்ட, இரண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, இன்னொருத்தர் வாசலில் நின்று மாமனார் வருகிறாரா என்று பார்க்க. ஒரு ஆள் சைக்கிள் கற்க நாலு ஆள் வேண்டியிருந்தது! விழுந்து முட்டியில் அடிபட்டால் வீட்டில் வயலில் வழுக்கியது என்று சொல்வார்களாம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓட்டுகிறாளே என்று கேலி பேசினவர்களும் இருந்தார்கள், கூச்சப்பட வைக்கிற பேச்சும் இருந்தது. ஒருத்தியாக ஓட்டினால் ஊர் சிரிக்கும். இருபது பேர் வரிசையாகப் போனால் ஊர் வழி விடும். 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் அதிகமான பெண்கள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலமாகப் போனார்கள். அறிவொளியில் இருந்த முத்துபாஸ்கரன் சைக்கிளுக்கென்றே பாட்டு எழுதினார். அதை இப்போதும் எங்க அம்மா முணுமுணுப்பாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பார்த்து எழுதினார். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களில் ஒரு லட்சம் பெண்கள் வரை சைக்கிள் ஓட்டியதாக அவர் கணக்கு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கிற கம்பியில் குட்டி சீட் போட்டுப் பிள்ளையை உட்கார வைக்கலாம். அப்போது நாலு வயசான நானும் அப்படி உட்கார்ந்து போனவள்தான். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து போகிற காய்கறி வியாபாரத்தில், சைக்கிள் வந்த பிறகு இரண்டு ஊர் கூடுதலாகச் சுற்றி வர முடிந்தது என்று அம்மா சொல்லுவாங்க. பிள்ளைக்குச் சோறு பொங்குகிற நேரத்துக்கு வீடும் வந்து சேரலாம்.

அதே காலத்தில் கல்குவாரியிலும் ஒரு காரியம் நடந்தது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள், மாவட்ட நிர்வாகம் குவாரியை அவர்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கூலி ஆளாக இருந்து குத்தகைதாரர் ஆனார்கள். நேற்று உடைத்த அதே சம்மட்டிதான், அதே வெயில்தான், உழைப்பு ஒன்றும் கூடவில்லை. மாறியது குத்தகைப் பத்திரத்தில் இருந்த பேர். வருமானமும் மாறியது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதிகாரிகள் மாறினார்கள், காற்றும் மாறியது, அந்தக் குத்தகைகள் முன்போல நிலைக்கவில்லை. அதற்காக அந்தப் பெண்களுக்கு முயற்சி குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

நம்ம குழு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989-ல் தருமபுரியில் ஐ.நா. சபையின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு முதலில் குழுக்கள் ஆரம்பித்தார்கள். 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மற்றதெல்லாம் நீங்கள் நடத்துகிற கதை. சந்தா, உள்கடன், ஆறு மாதம் கழித்துத் தரம் பிரித்தல், சுழல்நிதி, வங்கிக்கடன். நகை இல்லை, பட்டா இல்லை, ஆனாலும் வங்கி கடன் கொடுக்கிறது. எதை நம்பி? ஒருத்தருக்கு முடியாதபோது மற்றவர்கள் தாங்குவார்கள் என்பதை நம்பி. நம்மிடம் அடமானம் வைக்க இருக்கிற ஒரே சொத்து அதுதான்.

இது நம்ம கீரமங்கலம் பகுதிக்குப் புதுசும் இல்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வரை மொய் விருந்துப் பந்தல்தான். ஆட்டுக்கறிச் சோறு போட்டு மொய் வாங்குவார்கள், ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேரும், சில பந்தலில் பணம் எண்ணும் மெஷினே வந்துவிடும். போர் போட, வீடு கட்ட, பிள்ளை படிப்புக்கு, வட்டி இல்லாத முதல். வாங்கினதைக் கூடப் போட்டுத் திருப்பிச் செய்யணும், செய்யாவிட்டால் ஊரில் தலை நிமிர முடியாது. வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள், ஆனால் வங்கி வருவதற்கு முன்னாலிருந்து நம்ம ஆட்கள் முதல் திரட்டின வழி அது. நான் முன்பு சொன்ன மொய் நோட்டு விஷயம் இதுதான்: நான் பார்த்த நோட்டுகளில் பேர் எல்லாம் ஆம்பளைப் பேர். ஆட்டுக்கறிக்கு மசாலா அரைத்தவர் பேர், மொய்ப் பணத்துக்குத் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் பேர் அதில் இல்லை. ஸ்மைல்ஸின் அம்மா மாதிரி. நம்ம சங்க நோட்டில்தான் முதல்முதலாக நம்ம பேர் ஏறியது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது இதையெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டோம். என் மாமனார் வைத்த தென்னை நாற்பதில் முப்பத்தொன்று சாய்ந்தது. கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு போனது. தென்னை மறுபடி வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதுவரை எங்கள் குழுவில் ஒரு தவணை கூடத் தவறாதவர்களே தென்னையை நம்பினவர்கள்தான். ஒரே ராத்திரியில் அவர்கள்தான் பாக்கிக்காரர்கள் ஆனார்கள். பூ வைத்திருந்தவர்கள் கதை வேறு. மல்லிகையும் காக்கரட்டானும் தாழ்ந்த செடி, கவாத்து வெட்டித் தண்ணீர் விட்டதும் சில மாதத்தில் தளிர்த்துவிட்டது. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்குப் பூப்பறிக்கப் போனவர்கள், கமிஷன் கடையில் வாங்கின காசில் தென்னைக்காரர்கள் தவணையையும் சேர்த்து நாலு மாதம் கட்டினார்கள். தீர்மானம் போட்டுத்தான் செய்தோம். அதற்கு முன்னால் தென்னைக்காரர்கள் பூக்காரர்களைக் கொஞ்சம் இளப்பமாகப் பேசியதும் உண்டு, தோப்பு உள்ளவர்கள் அல்லவா! புயலுக்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அதே நேரத்தில் எங்கள் தெருவில் வேறு ஒன்றும் நடந்தது. தனியார் நிறுவனம் ஒன்றில் குழுக்கடன் வாங்கியிருந்த ஒரு மதினி வீட்டு வாசலில் வசூல்காரர் வந்து உட்கார்ந்தார். கூரை போன வீடு. "கடன் வாங்கும்போது தெரியலையா, மனசு வச்சா கட்டலாம்" என்றார். மற்றவர்களையும் வரவழைத்து, அவர்கள் முன்னால் அப்படிச் சொல்ல வைத்தார். அதுவும் குழுதான், அதிலும் பத்துப் பேர் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அங்கே குழு என்பது ஒருத்தரை ஒருத்தர் தாங்க இல்லை, ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடிக்க. மனசு வச்சா கட்டலாம் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தாது வருஷத்துக் கூலிக் கணக்கைப் படித்த பிறகு இரண்டும் ஒரே குரலாகக் கேட்கிறது.

வரும் பொதுக்குழுவில் தவணை தவறினால் அபராதம் என்று ஒரு தீர்மானம் வருகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள், மொய் செய்யாமல் நழுவுகிறவர்களும் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அபராதக் கட்டத்துக்கு முன்னால் "காரணம்" என்று ஒரு கட்டம் போட வேண்டும், அதை எழுதுவதற்கு முன் இரண்டு உறுப்பினர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதி, எங்கள் குழு பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் செயலாளர் அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். நோயா, புயலா, புருஷன் குடியா, பூ விலை கிலோ அடிமட்டத்துக்குப் போனதா, இல்லை மெத்தனமா, எதுவாக இருந்தாலும் எழுதிவிடலாம். ஐந்து வருஷம் அப்படி எழுதி வைத்தால் அடுத்த மலருக்கு வரலாறு எழுதுகிறவளுக்குத் தேட வேண்டிய வேலை இருக்காது. திருத்தத்தை ஆதரிக்கிற குழுக்கள் பொதுக்குழுவுக்கு முன்னால் தங்கள் தீர்மான நோட்டில் பதிவு செய்து, ஊக்குநர் பிரதிநிதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள்.